பழைய வண்டிக்குப் புதிய ரயர்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெருவில் உன்னஸ்கிரியவையும் உடதும்பரையையும் கடந்து சென்றால், மலை முடிவடையும் இடத்தில், பதினெட்டு வளைவுகளாகச் சுழன்று தெரு கீழே இறங்குகின்றது. அவ்வளைவுகளின் அடியில் இருப்பது ஹசலக. அங்கிருந்து வடக்கே திரும்பி, மகாவலி கங்கையின் மேற்குப் புறமாகச் செல்லும் வழியைப் பின்பற்றினால் ஹெட்டிப்பொலையும் வில்கமுவையும் வந்து சேரும். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரம் அது. ஒருபுறம் நக்கிள்ஸ் மலைத்தொடர், மறுபுறம் மகாவலி, வடக்கே 1984ஆம் ஆண்டில் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்ட வஸ்கமுவ. மாத்தளை நகருக்கு நேர்வழியாகப் போக விரும்புவோர் ரிவர்ஸ்டன் மலையை ஏறிக் கடந்து றத்தோட்டைக்கு இறங்க வேண்டும். ஊரில் இருக்கும்வரை வயலும் வெயிலும் சமதரையுமே. நகருக்குப் புறப்பட்டாலோ மழையும் மலையும் வளைவுமே.

இத்தகைய ஊரிலே ஒரு வீட்டு மாமரத்தடியில் மொரிஸ் மைனர் வண்டி ஒன்று நிற்கின்றது என்று கொள்க. தந்தை வாங்கிய வண்டி; மகன் விற்க மனமின்றிப் பேணி வருகின்றார். மாதத்தில் இரண்டு மூன்று தடவை சந்தைக்கும், ஆண்டில் நாலைந்து தடவை குடும்பத்தோடு கண்டிக்கும் போய் வருவதே அதன் வேலை. எஞ்சின் குறையின்றி ஓடுகின்றது. ஆனால் ரயர்களின் பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றிவிட்டன. புது ரயர் வாங்கக் கடைக்குப் போனால், கேட்கப்படும் முதலாவது கேள்வி, 'எத்தனை அங்குலம்?' என்பது. 'பதினான்கு' என்றதும் கடைக்காரர் தயக்கமின்றி ஒரு ரயரை எடுத்து உருட்டி விடுவார். அது பெரும்பாலும் சுசுக்கி வாகன் ஆர் வண்டிக்கு உரிய ரயராக இருக்கும். விலையும் தாங்கக்கூடியது, எங்கும் கிடைப்பது. மொரிஸ் மைனரின் சில்லில் அது ஏறவும் செய்யும். வண்டியும் ஓடும். ஆயினும் அது அந்த வண்டிக்கு உரிய ரயர் அன்று. பதினான்கு என்னும் எண் ஒன்றை மாத்திரம் கொண்டு ரயர் தெரிவு செய்வது, கழுத்தளவு பொருந்தினால் போதும் என்று சட்டை வாங்குவதைப் போன்றதே.

மொரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் பார்வைக்கு வந்தது. அதனை ஆக்கியவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். இன்று இஸ்மிர் என வழங்கும் சிமிர்னா நகரிற் பிறந்தவர். அக்காலத்துச் சிறு வண்டிகள் பலவும் 16 அங்குலமும் 17 அங்குலமுமான உயர்ந்த சில்லுகளில் ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் 14 அங்குலச் சில்லைத் தெரிந்தெடுத்தார். சில்லு சிறிதானால் வண்டிக்குள் இடம் பெரிதாகும் என்பது அவர் கணக்கு. 1960ஆம் ஆண்டின் இறுதியிற் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மொத்தத் தொகை பதினாறு இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

இலங்கைக்கு வந்து சேர்ந்தவற்றுட் பல இன்றும் ஓடுகின்றன. அதற்குக் காரணம் பழமையின் மீதுள்ள பற்று மாத்திரம் அன்று. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது இருந்த வண்டியைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வண்டிகளுக்கு வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில், கொட்டிலிற் கிடந்த பல பழைய வண்டிகளுக்கு மீண்டும் மதிப்பு உண்டாயிற்று. இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. காலியில் 1990களில் தொடங்கிய ஒரு தொழிற்சாலை, இங்கிலாந்தின் பாத் நகரில் அப்போது இருந்த மொரிஸ் மைனர் நிலையத்தோடு தொடர்பு கொண்டு, இவ்வண்டிக்கான உடற்றகடுகளைச் செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பியது. வண்டி பிறந்த நாட்டுக்கு அதன் உறுப்புகள் இங்கிருந்து போயின. தகட்டை வேண்டியவாறு தட்டி எடுக்கலாம். ரயரை அவ்வாறு பட்டறையில் வைத்துச் செய்ய முடியாது.

பழைய மொரிஸ் மைனரின் கைந்நூலில் ரயரின் அளவு 5.00-14 என்றும், பிற்காலத்து வண்டிகளில் 5.20-14 என்றும் காணப்படும். முதல் எண் ரயரின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது எண் சில்லின் விட்டம், அதுவும் அங்குலத்தில். உயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏனெனில் அக்காலத்து ரயரின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றே. அது எல்லார்க்கும் தெரிந்த விடயமாதலின் எவரும் எழுதவில்லை. இக்காலத்து ரயரிலோ 155/65 ஆர் 14 என்பது போன்று மூன்று எண்கள் உள்ளன. 155 என்பது மில்லிமீற்றரில் அகலம். 65 என்பது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பதைக் காட்டுவது. ஆர் என்னும் எழுத்து ரேடியல் என்பதன் குறி. இறுதியில் நிற்பது சில்லின் விட்டம்.

கடைக்காரர் உருட்டி விட்ட வாகன் ஆர் ரயரின் அளவு பெரும்பாலும் இந்த 155/65 ஆர் 14 தான். 155இல் நூற்றுக்கு 65 என்றால் ஏறத்தாழ 101 மில்லிமீற்றர். மேலும் கீழுமாக இரண்டு சுவர்கள், ஆக 202. பதினான்கு அங்குலம் என்பது 356 மில்லிமீற்றர். இரண்டையும் கூட்டினால் ரயரின் முழு உயரம் ஏறத்தாழ 557 மில்லிமீற்றர். பழைய 5.20-14 ரயரின் உயரமோ ஏறத்தாழ 610. ஐந்து சதமமீற்றருக்கு மேல் வேறுபாடு! வண்டியின் அடிப்பாகம் நிலத்தை நோக்கி இரண்டரைச் சதமமீற்றர் இறங்கிவிடும். வயல்வரம்பு வழியாகவும் மழை அரித்த தெருவிலும் போகும் வண்டிக்கு இது சிறிய இழப்பு அன்று. வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி ஓடுவது ஏறத்தாழ 55. ஒரே தூரத்தைக் கடக்கச் சில்லு பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சுழல வேண்டியிருப்பதால், எஞ்சினும் அவ்வளவு கூடுதலாக உழைக்க வேண்டும். ஐம்பது அறுபது வயதான எஞ்சினிடம் இதைக் கேட்பது நியாயமன்று.

அந்த ரயரைப் பற்றிப் பொய்க்குறை கூறலும் ஆகாது. பாரம் தாங்கும் ஆற்றலில் அது குறைந்ததன்று. ரயரின் பக்கத்தில் அளவை அடுத்து 75 அல்லது 76 போன்ற ஓர் எண்ணும், எஸ் அல்லது ரி போன்ற ஓர் எழுத்தும் இருக்கும். எண் 75 ஆயின் ஒரு ரயர் 387 கிலோகிராம் தாங்கும். 76 ஆயின் 400. மொரிஸ் மைனரின் எடை ஏறத்தாழ 770 கிலோகிராம். நான்கு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினாலும் ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறுக்கு மேற் போகாது. நான்கு ரயர்கள் சேர்ந்து அதனை எளிதிற் சுமக்கும். எழுத்து குறிப்பது வேகத்தின் எல்லை. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர், ரி என்றால் 190. மொரிஸ் மைனர் கனவிலும் காணாத வேகங்கள் அவை. ஆகவே குறை பாரத்திலும் இல்லை, வேகத்திலும் இல்லை. உயரத்தில் உண்டு, அதனினும் முக்கியமாக, ரிம்மின் அகலத்தில் உண்டு.

மொரிஸ் மைனரின் ரிம் மூன்றரை அங்குல அகலமே. மிகப் பழைய வண்டிகளில் அதனினும் ஒடுங்கியது இருக்கக்கூடும். ஆதலின் அளந்தே அறிதல் வேண்டும். அளக்கும்போது வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளத்தல் தவறு. ரயரின் அடி வந்து அமரும் உட்சுவர்கள் இரண்டிற்கும் இடையில் அளக்க வேண்டும். ஒவ்வோர் அளவு ரயருக்கும் எத்தனை அங்குலம் முதல் எத்தனை அங்குலம் வரை ரிம் பொருந்தும் என்று தயாரிப்பாளர் அட்டவணை வெளியிடுகின்றனர். 145/80 ஆர் 14 ரயருக்கு மூன்றரை அங்குல ரிம் பொருந்தும். 155/65 ரயருக்கோ நான்கு அங்குலமாவது வேண்டும். ஒடுங்கிய ரிம்மில் அகன்ற ரயரை மாட்டினால், அதன் இரண்டு அடிகளும் உள்நோக்கி இழுபட்டு, தெருவைத் தொடும் முகம் நடுவிற் புடைத்துக்கொள்ளும். முகம் முழுவதும் நிலத்திற் படியாது. நேர்த்தெருவில் அது தோன்றாது. வளைவிலே வண்டியின் பாரம் ஒருபக்கம் சாயும்போது, ரயர் ரிம்மின் மீது அசைந்து கொடுக்கும். பதினெட்டு வளைவுகளில் ஏழாவதிலோ எட்டாவதிலோ, பிள்ளைகள் பின்னாசனத்தில் உறங்கிக்கொண்டிருக்கும் வேளையில், சாரதி திருப்பிய திசைக்கும் வண்டி போகும் திசைக்கும் இடையே ஒரு சிறு வேறுபாடு உண்டாவதை உணர்வார். அப்போது கடைக்காரரைக் கேட்க முடியாது.

அப்படியாயின் எது உரியது? உலகெங்கும் மொரிஸ் மைனர் வைத்திருப்போர் பெரும்பாலும் தெரிந்தெடுப்பது மேலே சொன்ன 145/80 ஆர் 14. சில தயாரிப்பாளர் நடு எண்ணை விட்டு 145 ஆர் 14 என்றே பொறிப்பர். எண் இல்லையென்றால் ஏறத்தாழ 80 என்று கொள்ளுதல் மரபு. இதன் உயரம் 588 மில்லிமீற்றர்; பழைய ரயரை விடச் சற்றுக் குறைவு. வேகமானி 60 காட்டினால் வண்டி ஏறத்தாழ 58இல் ஓடும், இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. 155/80 ஆர் 14 என்பதோ 604 மில்லிமீற்றர். உயரத்தில் பழையதற்கு மிக அண்மையது. நான்கு அங்குல ரிம் உடையவருக்கு அதுவே சிறந்தது. ஆனால் மாட்டிய பின், ஸ்ரியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பியும், பின்னாசனத்தில் ஆட்களை ஏற்றியும், எங்கேனும் தகட்டில் உரசுகின்றதா என்று பார்த்துக்கொள்ளுதல் அவசியம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடையில் 145/80 என்று கேட்டால் 'தாராளமாக இருக்கிறது' என்ற விடை வரும். அது இந்தியாவிலிருந்து வந்த மாருதி வண்டிகளுக்கான 145/80 ஆர் 12. முதலிரண்டு எண்களும் ஒன்றே. கடைசி எண் வேறு. வில்கமுவையிலிருந்து நெடுந்தூரம் போய் வாங்கிக்கொண்டு வந்த பின் கண்டுபிடித்தால், போக்குவரத்துச் செலவே ஒரு ரயரின் விலையைத் தொட்டுவிடும்.

மற்றைய பழைய வண்டிகளுக்கும் வழி இதுவே. 5.60-15 என்று எழுதிய வொக்ஸ்வாகன் ஆமை வண்டிக்கு 165/80 ஆர் 15 பொருந்தும். பதினாறு அங்குலச் சில்லில் ஓடும் பழைய ஒஸ்ரின் வண்டிகளுக்குத்தான் சங்கடம் அதிகம். அந்த ஒடுங்கிய பதினாறு அங்குல ரயர் இன்று பழைய வண்டிகளுக்கென்றே ரயர் வார்ப்பவர்களிடம் மாத்திரமே கிடைக்கும். அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டில் தொடங்கிய கோக்கர் நிறுவனம் போன்றவை அத்தகையன.

ரேடியல் என்பது யாது, பழைய ரயர் அதனின்றும் எவ்வாறு வேறுபட்டது என்பதையும் விளங்கிக்கொள்ளுதல் நன்று. பழைய ரயரின் உள்ளே இருக்கும் நூற்படைகள், கிடுகு பின்னுவது போலச் சாய்வாக ஒன்றன்மேலொன்று குறுக்கிட்டுச் செல்வன. ஆதலின் அதனைக் குறுக்குப் படை ரயர் எனலாம். பக்கச் சுவரும் தெருவைத் தொடும் முகமும் ஒரே பின்னலால் ஆனமையால், சுவர் வளைந்தால் முகமும் நெளியும். பிரான்சு நாட்டின் மிஷெலின் நிறுவனம் 1946இல் உரிமம் பெற்று, 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியல் ரயர், இதனை இரண்டாகப் பிரித்துவிட்டது. சுவரிலுள்ள நூல்கள் குடைக்கம்பிகள் போல ஓர் அடியிலிருந்து மற்ற அடிக்கு நேராகச் செல்லும்; முகத்தைச் சுற்றிப் பீப்பாய்க்கு இரும்பு வளையம் இட்டாற்போல உருக்குப் பட்டி சுற்றப்பட்டிருக்கும். சுவர் எவ்வளவு வளைந்தாலும் முகம் தட்டையாக நிலத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். தேய்வு குறைவு, நனைந்த தெருவிற் பிடிப்பு அதிகம்.

குறைகளும் உண்டு. வண்டி நிற்கும்போது ஸ்ரியரிங் சற்றுக் கனக்கும். குறுக்குப் படை ரயர் வழுக்குவதற்கு முன் முனகி அறிவிக்கும். வழுக்குவதும் மெல்ல மெல்லவே. ரேடியல் ரயர் நெடுநேரம் பற்றிக்கொண்டிருந்து, தாங்க முடியாத போது சட்டென விட்டுவிடும். பழக்கமில்லாத சாரதி இதை மனத்திற் கொள்ள வேண்டும். கண்காட்சிக்கு மாத்திரம் கொண்டு போகும் வண்டிக்கு அக்காலத்துக் குறுக்குப் படை ரயரே அழகு. மழைக்காலத்தில் ரிவர்ஸ்டன் ஏறும் வண்டிக்கு அழகைப் பார்த்துக்கொண்டிருத்தல் தகாது, ரேடியலே வேண்டும்.

இதனோடு தொடர்புடையதும், பலர் தவறு செய்வதுமான விடயம் ஒன்று உண்டு. நான்கையும் ஒரேயடியாக வாங்கப் பணம் இல்லாதவர் இரண்டை மாத்திரம் வாங்குவர். புதிய ரயரை முன்னே போடுவதே பாதுகாப்பு என்பது பொதுவான எண்ணம். பழையவை குறுக்குப் படையாகவும் புதியவை ரேடியலாகவும் இருக்கும்போது இந்த எண்ணம் ஆபத்தானது. ஒரே அச்சில் இரண்டு வகையையும் கலத்தல் ஒருபோதும் கூடாது. முன்னே ரேடியலும் பின்னே குறுக்குப் படையும் இருந்தால், இறக்கத்தில் வளையும்போது முன்சில்லுகள் தெருவைப் பற்றிக்கொள்ளும்; பின்சில்லுகள் வழுக்கி, வண்டி வாலைச் சுழற்றிக்கொண்டு திரும்பும். ஆதலின் இரண்டே வாங்கினால் அவை பின்னேதான் போக வேண்டும். அதுவும் மற்ற இரண்டையும் வாங்கும்வரை உள்ள ஏற்பாடே.

இனி ரயரின் வயதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாள்தோறும் ஓடும் வண்டியின் ரயர் தேய்ந்து சாகும். எப்போதாவது ஓடும் வண்டியின் ரயர் தேயாமலே சாகும். மாமரத்தடி வண்டியின் ரயரில் தடங்கள் ஆழமாகவே இருக்கின்றன. அதனைப் பார்த்து, 'இன்னும் பத்து வருடம் ஓடும்' என்று கூறுவாரும் உளர். காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் இறப்பரை இடையறாது தாக்கிக்கொண்டிருக்கின்றன. வெப்பம் அத்தாக்குதலை விரைவாக்கும். இதற்கு மாற்றாக இறப்பரோடு ஒருவகை மெழுகும் காப்புப் பொருள்களும் கலக்கப்படுகின்றன. ரயர் உருண்டு நெளியும்போது அவை உள்ளிருந்து கசிந்து மேற்பரப்பிற் படலமாகப் படியும். அசையாமல் நிற்கும் வண்டியில் அது நன்கு நிகழ்வதில்லை. பாரம் ஒரே இடத்தில் அழுத்த, வெயில் ஒரே பக்கத்திற் படிய, சுவர் உலர்ந்து வெடிக்கின்றது. வண்டியை ஆண்டவன் கோயிற் சிலை போல அசையாமல் வைத்துப் பேணுவோர், ரயரைப் பொறுத்தவரையில் அதற்குத் தீங்கே செய்கின்றனர். வாரத்தில் ஒருமுறை சிறிது தூரம் ஓட்டுவது நல்லது. இயலாதாயின் கட்டைகளின்மேல் ஏற்றி வைத்து, வெயில் படாமற் சில்லுகளைச் சாக்கினால் மூடுவது நல்லது.

ரயரின் வயதை அறிய வழி உண்டு. பக்கச் சுவரில் டி, ஓ, ரி என்ற மூன்று எழுத்துகளை அடுத்து வரும் குறிகளின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு கிழமையையும், பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 1824 என்று இருந்தால் 2024ஆம் ஆண்டின் பதினெட்டாவது கிழமையில் அந்த ரயர் செய்யப்பட்டது. மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. அதனை வண்டியிற் கண்டால் அன்றைக்கே கழற்றிவிடுதல் வேண்டும். ஆறாவது ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் தேர்ந்த ஒருவரிடம் காட்டிச் சோதிப்பதும், பத்தாவது ஆண்டில் தடம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழிப்பதும் பொதுவாகக் கூறப்படும் அளவை. பிரித்தானியாவில் 2021 பெப்ரவரி முதல், லொறி, பஸ் ஆகியவற்றின் முன்னச்சிற் பத்து ஆண்டைத் தாண்டிய ரயர் போடுவதைச் சட்டமே தடுத்துவிட்டது.

பழைய வண்டிக்காரருக்கு இந்த நான்கு இலக்கங்கள் இருமடங்கு முக்கியமானவை. அருமையான அளவு ரயரை வாங்குவோர் சிலரே ஆதலால், அது கடையின் மேற்றட்டில் ஆண்டுக்கணக்காகத் தூங்கிக் கிடக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் அலைந்து திரிந்து, 'உங்களுக்காகவே ஒன்று வைத்திருந்தேன், ஐயா' என்று கடைக்காரர் எடுத்துத் தரும்போது உண்டாகும் மகிழ்ச்சியில், இலக்கத்தைப் பார்க்க மறந்துவிடுவது இயல்பு. பணத்தைக் கொடுக்கும் முன் தூசியைத் துடைத்து அதைப் படித்தல் வேண்டும். எட்டு வயதான புதிய ரயர் புதியது அன்று.

பாவித்த ரயரைப் பற்றியும், றீபில்ட் செய்த ரயரைப் பற்றியும் கேள்வி எழும். லொறிகளுக்கும் பஸ்களுக்கும் றீபில்ட் தொழில் பெருந்துணை செய்கின்றது. அவற்றின் கூடு உறுதியானது, முகம் தேய்ந்ததும் கூடு இளமையாகவே இருக்கும். சிறிய பழைய வண்டியிலோ நிலைமை தலைகீழ். முகம் தேயுமுன்னரே கூடு கிழடாகிவிடுகின்றது. கிழட்டுக் கூட்டின்மேற் புது முகம் ஒட்டுவதாற் பயன் இல்லை. பாவித்த ரயரை வாங்க நேர்ந்தால், தடத்தைப் பார்ப்பதற்கு முன் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். தடத்தின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். முகம் தேய்ந்து அம்மேட்டோடு சமமாகிவிட்டால் ரயரின் ஆயுள் முடிந்தது.

இந்நாட்டில் ரயரைப் பற்றிப் பேசும்போது ஒரு நினைவு தவிர்க்க முடியாதது. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டு சென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அவற்றுள் 1,919 கன்றுகள் 1876ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. மாத்தளைச் சரிவுகளிலும் பின்னர் இறப்பர் பரவியது. 1960களிற் சோவியத் நாட்டின் உதவியோடு களனியில் ரயர்த் தொழிற்சாலையும் எழுந்தது. பால் வடியும் மரத்தின் அடியிலேயே நின்று, பதினான்கு அங்குல ஒடுங்கிய ரயர் ஒன்றைக் கடல் கடந்து வரவழைக்க வேண்டியிருப்பது விந்தையே. ஆனால் ஒரு வார்ப்பச்சுச் செய்யும் செலவு ஆயிரக்கணக்கான ரயர்களை விற்றாலன்றி மீளாது; சில நூறு பழைய வண்டிகளுக்காக எந்த ஆலையும் அச்சு வெட்டாது. ஆதலால், ஒரே வகை வண்டி வைத்திருப்போர் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே தடவையில் வரவழைப்பது செலவைக் குறைக்கும் வழி. அவ்வாறு வரவழைக்கும்போது நான்கு அல்ல, ஐந்தாகக் கேட்க வேண்டும். முன்னர் சொன்ன கலப்பு விதி உதிரிச் சில்லுக்கும் பொருந்தும். குறுக்குப் படை உதிரிச் சில்லை இரவில் அவசரத்துக்கு மாட்டினால், அந்த இரவே விதி மீறப்பட்டதாகிவிடும்.

ரியூப் வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. ரியூப் இல்லாமல் ஓடும் ரயருக்கு உரிய ரிம்மில், அடி நழுவாதபடி ஒரு சிறு வரம்பு இருக்கும். பழைய ரிம்மில் அந்த வரம்பு இல்லை. துருப்பிடித்த விளிம்பிற் காற்றும் நில்லாது. ஆகவே, தயாரிப்பாளர் தடை செய்யாதவிடத்து, ரேடியல் ரயருக்கு உரிய, அளவிற் சரியான புதிய ரியூப் போடுதல் வேண்டும். ரிம்மின் துருவை முற்றாகச் சுரண்டி, வர்ணம் பூசி உலர்த்திய பின்னரே ரயரை ஏற்ற வேண்டும். ரயரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கடதாசித் துண்டுகளை உரித்தெடுக்க மறக்கலாகாது. அற்பமான அந்தக் கடதாசியின் விளிம்பு உராய்ந்து உராய்ந்தே ரியூப்பைத் துளைத்துவிடும்.

புதிய ரயர் மாட்டுமுன் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி வைத்துச் சோதிக்க வேண்டிய இடம் ஒன்று மொரிஸ் மைனரில் உண்டு. முன்சில்லைத் தாங்கும் தூணின் அடியில் ட்ரனியன் என்று மெக்கானிக்குகள் அழைக்கும் திருகுமூட்டு இருக்கின்றது. அதற்கு முறையாகக் கிறீஸ் அடிக்காவிட்டால் திருகின் புரிகள் தேய்ந்து, ஒருநாள் சில்லு முழுவதும் வண்டியின் அடியில் மடிந்து விழும். இவ்வண்டியின் பெயர்பெற்ற குறை இதுவே. நன்கு பற்றிப் பிடிக்கும் ரேடியல் ரயர் இம்மூட்டின் மேல் கூடுதலான சுமையைச் சுமத்தும். ஆகையால் மூட்டில் ஆட்டம் இருந்தால் முதலில் அதைத் திருத்தி, ரயரை இரண்டாவதாக வாங்குவதே அறிவுடைமை. பழைய ரயரைக் கழற்றும்போது அதன் தேய்வையும் கவனிக்கலாம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு மாத்திரம் தேய்ந்திருந்தால் காற்று மிகை. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சில்லுகளின் கோணம் பிழை. அக்குறையைத் திருத்தாமற் புது ரயர் போட்டால், அதுவும் அதே வழியில் தேயும்.

காற்றமுக்கத்தைப் பொறுத்தவரையில், பழைய கைந்நூல் சதுர அங்குலத்துக்கு 22, 24 இறாத்தல் என்று கூறுவது குறுக்குப் படை ரயருக்கு. ரேடியலுக்கு அதனிற் சில இறாத்தல் கூடுதலாக வேண்டும். ஆட்களை நிறைத்துக்கொண்டு செல்லும்போது பின்சில்லுக்கு இன்னும் சற்று. இக்காலத்துக் காருக்கு அடிப்பது போல 32, 33 இறாத்தல் ஏற்றினால் இலேசான வண்டி கல்லுக்குக் கல் துள்ளும், பிடிப்பும் குறையும். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். வெயிலில் ஓடிச் சூடேறிய ரயரில் அளவு உயர்ந்து காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், மாலையில் ரயர் குளிர்ந்ததும் காற்றுப் போதாமற் போய், மறுநாள் ஓட்டத்தில் சுவர் அளவுக்கு மீறி நெளிந்து மேலும் சூடாகும். உலர் வலயத்து வெயிலில் ரயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மாட்டி முடிந்தபின், ஐம்பது அறுபது கிலோமீற்றர் ஓடியதும் சில்லின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தல் வேண்டும். புது வர்ணம் பூசிய ரிம் ஆயின் இது கட்டாயம். முதல் நூற்றைம்பது கிலோமீற்றர் வரை மெதுவாகவே ஓட்டுதல் நன்று. ரயரின் மேலுள்ள வழுவழுப்பான படலம் தேய்ந்த பின்னரே அதன் முழுப் பிடிப்பும் வெளிப்படும். அது நெல் வயல்களுக்கிடையே ஹெட்டிப்பொலைத் தெருவில் தேய்ந்து போகட்டும். மலைக்கு அடுத்த கிழமை போகலாம். கழற்றிய பழைய ரயர்களை மாமரத்தடியிலேயே விட்டுவிடுவது வழக்கம். அவற்றுள் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். கிணற்றடியிலோ பூஞ்செடிக்குப் பாத்தியாகவோ பயன்படுத்த விரும்புவோர், நீர் வடிந்தோடச் சுவரில் நாலைந்து பெரிய துளைகளை இட்டுக்கொள்ளல் வேண்டும்.